முட்டை போகும் வழியில் வாழை ஏன் தடுமாறுகிறது?

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். காலையில் அவர்கள் உடைத்து ஊற்றும் முட்டை நாமக்கல் முட்டையாக இருக்கக்கூடும். அதே கடையில் வாங்கிய வாழைப்பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் என்றோ ஈக்வடார் என்றோ போட்டிருக்கும். நாமக்கல் மாவட்டத்தில் வாழை இல்லாமல் இல்லை. மோகனூரிலிருந்து பரமத்திவேலூர் வரை காவிரிக் கரை நெடுக வாழைத் தோப்புகள்தான். வேலூர் ஏலத்தில் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் பச்சைநாடனும் தார் தாராக விலை போகின்றன. விலை விழும் வாரங்களில் வெட்டுக்கூலி கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் புலம்புவதும் நமக்குப் பழகிய செய்திதான்.

உலகில் அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன். உலக விளைச்சலில் கால் பங்குக்கும் மேல். ஏற்றுமதியில் நிலைமை தலைகீழ். 2022-23 நிதியாண்டில் வெளிநாடு போனது சுமார் 3.6 லட்சம் டன், மதிப்பு 17.6 கோடி டாலர். உலக வாழை வணிகத்தில் இது ஒரு சதவீத அளவுதான். வாங்குகிறவர்களோ ஈரான், இராக், ஐக்கிய அமீரகம், ஓமன், சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் என்று நமக்கு நன்கு தெரிந்த நாடுகள்.

"தூரம்தான் பிரச்சினை" என்று சொல்லிவிட முடியாது. கொச்சியில் கிளம்பும் கப்பல் வழியில் எங்கும் நிற்காவிட்டால் நான்கைந்து நாளில் ஜெபல் அலி சேர்ந்துவிடும். பிலிப்பைன்ஸ் வாழைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. ஈக்வடார் வாழைக்கு ஒரு மாதத்துக்கும் மேல். ஒரு மாதம் கடலில் கிடந்த பழம் பச்சை மாறாமல் வந்து விற்கிறது. ஐந்து நாள் பயணத்தில் இருக்கும் நம் பழம் தடுமாறுகிறது. இதற்கு என்ன காரணம் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மல்லசமுத்திரத்தில் தொடங்குவோம். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் இருக்கும் இந்தப் பேரூரின் பெயர் வாரந்தோறும் நாளிதழ்களில் வருவது பருத்தி ஏலத்தால். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் விவசாயிகள் மூட்டைகளை அடுக்கிவைக்கிறார்கள், வியாபாரிகள் பஞ்சைப் பிய்த்துப் பார்த்து விலை கேட்கிறார்கள். கொப்பரையும் இப்படித்தான் ஏலத்துக்கு வருகிறது. சுற்றுவட்டார மரவள்ளி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. இவற்றில் பருத்தியும் கொப்பரையும் ஜவ்வரிசியும் காத்திருக்கக்கூடிய சரக்குகள். இந்த வாரம் விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். லாரி ஒருநாள் தாமதமானால் யாருக்கும் தலை போகாது. சேலம், நாமக்கல் சமவெளியின் சந்தை, கிடங்கு, தரகு, கடன் என அத்தனை ஏற்பாடும் காத்திருக்கும் சரக்கை வைத்து வளர்ந்தவை. லாரிக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லும் சங்ககிரியும் அப்படித்தான். சிமெண்ட்டும் இரும்பும் தீவனமும் ஏற்றிப் பழகிய லாரிகள் அவை.

வாழை காத்திருக்காது. தார் வெட்டிய நிமிடத்திலிருந்து அதன் கடிகாரம் ஓடுகிறது. முக்கால் பங்கு முற்றியதும் பச்சையாக வெட்ட வேண்டும். சீப்புச் சீப்பாகப் பிரித்து, பால் வடியவிட்டுக் கழுவி, தரம் பார்த்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, சில மணி நேரத்துக்குள் குளிரூட்ட வேண்டும். பெட்டிக்குள் வெப்பம் 13 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும், அப்புறம் சரியாகப் பழுக்கவே பழுக்காது. மேலே போனால் ஏதோ ஒரு சீப்பு பழுக்கத் தொடங்கி எத்திலீன் வாயுவை வெளியிடும்; பக்கத்துப் பெட்டியும் பழுக்கும்; ஒன்றிலிருந்து ஒன்றாக 20 டன்னும் போய்விடும். வெட்டிய தாரை அரை நாள் வெயிலில் லாரி மேல் போட்டு, பிறகு எவ்வளவு உயர்ந்த குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இழந்த நாட்கள் திரும்பாது. துறைமுகத்தில் கெட்டுவிட்டதாகச் சொல்லப்படும் பழத்தில் ஒரு பகுதி தோட்டத்திலிருந்து கிளம்பும்போதே பாதி ஆயுளை இழந்த பழம் என்பதே நம் கணிப்பு.

முட்டைக்கு இருக்கும் வசதி

இதே மாவட்டத்து முட்டை எப்படிக் கடல் கடந்தது? நாமக்கல்லில் நாளொன்றுக்கு சுமார் 5 கோடி முட்டை உற்பத்தியாகிறது. 40 அடி குளிர்சாதனக் கன்டெய்னர் ஒன்றில், துறைமுக வட்டாரத்தில் 'ரீஃபர்' என்பார்கள், 4.7 லட்சம் முட்டை அடங்கும். வருடத்தின் எந்த நாளிலும் ஒரே அளவுச் சரக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். ஏற்றுமதி செய்பவர் பல நேரங்களில் பண்ணைக்காரராகவே இருக்கிறார். கூடவே முட்டை வாரக்கணக்கில் தாங்கும். கப்பல் இரண்டு நாள் தவறினால் நஷ்டம் வரும், நாசம் வராது.

வாழைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரீஃபரில் சுமார் 20 டன் பிடிக்கும். ஒரு தாரில் ஏற்றுமதித் தரத்தில் 20 கிலோ தேறும் என்று வைத்தால் ஆயிரம் தார் வேண்டும். அந்த ஆயிரமும் ஒரே முற்றலில், ஒரே நாளில் வேண்டும். ஒரு ஏக்கரில் ஆயிரத்துச் சொச்சம் மரம் இருந்தாலும் எல்லாத் தாரும் ஒரே நாளில் முற்றுவதில்லை. எனவே ஒரு கன்டெய்னருக்குப் பல தோட்டங்கள் ஒரே தேதியில் வெட்டியாக வேண்டும். அதிலும் நம் கரையில் விளையும் ரகங்கள் உள்ளூர் நாக்குக்கும் கோயில் விசேஷத்துக்கும் கேரளச் சந்தைக்கும் ஏற்றவை. ரஸ்தாளி பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும். உலகச் சந்தை கேட்பது ஜி-9 எனப்படும் திசு வளர்ப்பு வாழை. தமிழ்நாட்டில் அதன் ஏற்றுமதி வேரூன்றிய இடம் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு. மத்திய அரசின் தோட்டக்கலைத் தொகுப்புத் திட்டத்தின் முன்னோடிக் கட்டத்திலும் வாழைக்குத் தேர்வான இரண்டு மாவட்டங்கள் தேனியும் ஆந்திரத்தின் அனந்தபூரும்தான்.

முட்டைக்காரர்களுக்கும் எல்லாம் சுகமாக இல்லை. 2024 டிசம்பரில் ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியது. கத்தார் முட்டையின் எடைக்கு வரம்பு வைத்தது. சோஹார் துறைமுகத்தில் சரக்கு தேங்கி, விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. 2025 ஜூனில் ஒரு கோடி முட்டை அமெரிக்காவுக்குப் போனதைக் கொண்டாடிய சூடு ஆறுவதற்குள் ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்தது. துறைமுகமே நன்றாக இருந்தாலும் ஒரு காகிதம் சரக்கை நிறுத்திவிடும். அதே 2025 மே மாதத்தில் மும்பையிலிருந்து விமானத்தில் போன மாம்பழத்தில் 15 சரக்குத் தொகுதிகளை அமெரிக்க அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். பழத்தில் பூச்சி இருந்ததென்று அல்ல. கதிரியக்கச் சிகிச்சை தொடர்பான ஆவணத்தில் பிழை என்று. திருப்பிக் கொண்டுவரும் செலவு கட்டாது என்பதால் அங்கேயே அழித்தார்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது?

நாமக்கல்லிலிருந்து ஏற்றுமதிக்கு வழி இரண்டு. கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி ஒன்று. சங்ககிரி, கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சி மற்றொன்று. இரண்டுமே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஓரிரவு ஓட்டம். இதை மகாராஷ்டிரத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். சோலாப்பூர் மாவட்டத்தின் டெம்புர்ணி இன்று இந்திய வாழை ஏற்றுமதியின் பெரிய மையம். அங்கிருந்து மும்பை அருகேயுள்ள நவசேவா துறைமுகமும் ஏறக்குறைய இதே தூரம்தான். ஆனால் நவசேவாவிலிருந்து வளைகுடாவுக்கு வாரத்தில் பல நேரடிக் கப்பல்கள். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு ஆப்பிளும் கிவியும் பெருமளவில் வந்திறங்குவது அங்கேதான். ஆப்பிள் வந்த ரீஃபர் காலியானதும் அதில் வாழையும் திராட்சையும் ஏறுகின்றன. பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் குளிர்சாதனச் சரக்கு இறங்குவது குறைவு, ஏறுவது அதிகம். எனவே காலி ரீஃபரை வேறு துறைமுகத்திலிருந்து கப்பல் நிறுவனம் கொண்டுவந்து தர வேண்டும். அந்தச் செலவு வாடகையில் ஏறும். வரும் பெட்டிக்கும் போட்டி உண்டு. இறால், மீன் ஏற்றுமதியாளர்கள் உறைநிலைச் சரக்குக்காக ஆண்டு முழுவதும் பெட்டி எடுப்பவர்கள், நல்ல வாடகை தருபவர்கள். பருவத்துக்கு நாலு பெட்டி கேட்கும் வாழைக்காரர் வரிசையில் பின்னால் நிற்கிறார். பெட்டி கிடைத்தாலும் தோட்டத்திலிருந்து துறைமுகம் வரை அதற்கு மின்சாரம் தர டிரெய்லரில் ஜென்செட் வேண்டும். துறைமுகத்தில் இறக்கியதும் செருக பிளக் வேண்டும். தாவர நலச் சான்று, ஷிப்பிங் பில், எடைச் சான்று எல்லாம் கப்பல் சரக்கேற்பை மூடும் நேரத்துக்கு முன் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு கையெழுத்து தவறினால் திங்கள்வரை பழம் பெட்டிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

2024 செப்டம்பர் 16 அன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் புதிய பன்னாட்டு கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 14 மீட்டருக்கு மேல் ஆழம்; பெரிய கப்பல்கள் அணையலாம். வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் ஆழம் இருப்பதனால் மட்டுமே கப்பல் வந்துவிடாது. சரக்கு இருக்கும் இடத்துக்கே அது வரும். தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பங்கு இன்றும் சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஓரிரவில் போய்ச் சேரும் கொழும்பில், இணைப்புக் கப்பல் தவறினால் நாட்கணக்கில் கிடக்க வேண்டும். ஆடைக்கும் தீப்பெட்டிக்கும் இது சகஜம். வாழைக்கு அந்தக் காத்திருப்பு ஐந்து நாள் பயணத்தைப் பன்னிரண்டு நாளாக்கிவிடும். 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த விழிஞ்ஞமும் கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றுவதற்காகத் தொடங்கிய துறைமுகம். நம் லாரி போய் நிற்பதற்காகத் தொடங்கியதல்ல. ஆகவே வளைகுடாவுக்கு நேரடிக் கப்பல் பிடிக்க நினைப்பவர் 2011 முதல் இயங்கும் கொச்சி வல்லார்பாடத்தை நாடுவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து. திருச்சூர் பகுதி நேந்திரன் 2021-ல் லண்டனுக்குக் கடல் வழியே போனது அங்கிருந்துதான். அதற்கான அறுவடை, பேக்கிங் முறைகளில் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உதவியது. முடியும் என்பது நிரூபணமான விஷயம்.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தூத்துக்குடிக்குச் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டன. வீடிழந்தவர்களின் துயரத்துக்கு முன் இது சிறிய விஷயம்தான் என்றாலும், அந்த நாட்களில் துறைமுகம் நோக்கிக் கிளம்பிய அழுகும் சரக்கு என்னவாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கடலுக்குள்ளும் நிம்மதி இல்லை. 2023 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து நெதர்லாந்துக்கு முதல் சோதனைக் கன்டெய்னர் வாழை கடல் வழியே கிளம்பி டிசம்பர் தொடக்கத்தில் ராட்டர்டாம் சேர்ந்தது. ஐந்தாண்டில் நூறு கோடி டாலர் வாழை ஏற்றுமதி என்று அரசுத் தரப்பு இலக்குச் சொன்னது. அதே நவம்பர் 19 அன்று காஸா போரைக் காரணம் காட்டி யமனின் ஹூதிகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தனர். டிசம்பர் முடிவதற்குள் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் கூடுதலானது. சவூதியின் ஜித்தாவும் செங்கடல் துறைமுகம்தான். பாபுல் மன்தப் நீரிணையைத் தாண்டாமல் இந்தியாவிலிருந்து நேராக அங்கே போக முடியாது. சில நிறுவனங்கள் ஜெபல் அலியிலோ தம்மாமிலோ இறக்கி லாரியில் பாலைவனம் கடந்து ஜித்தாவுக்குச் சரக்கு சேர்த்தன. ஹஜ், உம்ரா பயணிகளின் மேசைக்குப் பழம் போகும் வாசலே அது. 2025 ஜூனில் ஈரான் மீது இஸ்ரேல் தாக்குதல் நடத்தி ஹுர்முஸ் நீரிணை மூடப்படுமோ என்ற பேச்சு எழுந்தபோது போர்க்கால காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. துபாய், தோஹா, குவைத், பஹ்ரைன், தம்மாம் எல்லாமே அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவை.

கதவு திறந்த பிறகு சொல்லும் விலை

இத்தனை தாமதங்களின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? நம் பார்வையில் துறைமுகத்தை விடப் பெரிய கேள்வி இதுதான். காரணம், நம் சமுதாயத்தினர் பலர் இந்த வியாபாரத்தின் இரு கரையிலும் இருக்கிறார்கள்.

கடல் சரக்குக் காப்பீடு எடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உலகெங்கும் பயன்படும் சரக்குக் காப்பீட்டு விதிகளில், அகலமான 'ஏ' வகைப் பாதுகாப்பில் கூட, தாமதத்தால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. கப்பல் மூழ்கினால் பணம் வரும். கொழும்பில் ஒரு வாரம் கிடந்து பழுத்தால் வராது. வாங்கியவர் பணம் தராமல் போனால் கைகொடுக்கும் இ.சி.ஜி.சி. காப்பீடும், "சரக்கு தரமில்லை" என்று வாங்கியவர் தகராறு செய்தால் எளிதில் கைகொடுக்காது. கப்பல் நிறுவனமும் குறித்த தேதியில் சேர்ப்பதாக எந்த உறுதியும் தருவதில்லை.

எஞ்சுவது ஒப்பந்தம். புதிதாக ஏற்றுமதிக்கு வருபவர்களில் பலர் விலை பேசாமலே சரக்கனுப்புகிறார்கள். துபாய் அல் அவீர் சந்தையில் கன்டெய்னர் கதவைத் திறந்து பார்த்த பிறகு விலை சொல்லப்படும். சந்தை ஏறியிருந்தால் அவர் வாங்கியவர், லாபம் அவருக்கு. சந்தை இறங்கியிருந்தால் அவர் வெறும் ஏஜென்ட், நஷ்டம் அனுப்பியவருக்கு. அனுப்பியவர் அதைத் தோட்டக்காரர் மீது தள்ளுவார். இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு ஒப்பந்தங்கள். விற்பனை என்றால் விலை அப்போதே தெரிந்திருக்க வேண்டும். வகாலா, அதாவது முகவர் ஏற்பாடு என்றால் நஷ்டம் சரக்குக்காரருடையதுதான். ஆனால் முகவருக்கு உரியது பேசிய கமிஷன் மட்டுமே, விற்ற விலையின் உண்மைக் கணக்கைத் தந்தாக வேண்டும். லாபத்தில் ஒன்றாகவும் நஷ்டத்தில் மற்றொன்றாகவும் மாறிக்கொள்ள இடமில்லை. எது என்பதை எழுதிக் கையெழுத்திட ஒரு பக்கக் காகிதம் போதும். வளைகுடாவில் பழ வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் ஊரிலிருந்து வரும் சரக்குக்கு இதை முதலில் தொடங்கிவைக்கலாம்.

சான்றுகளுக்கும் பெரிய செலவில்லை. பெட்டிகளுக்கு நடுவே வைக்கும் சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவி, பயணத்தின் எந்த மணி நேரத்தில் குளிர் தவறியது என்று காட்டிவிடும். தோட்டத்திலா, லாரியில் ஜென்செட் நின்ற நேரத்திலா, துறைமுகப் பிளக்கிலா என்பது தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்பது தெரியும். அது இல்லாத இடத்தில் பேச்சு எல்லாம் ஊகமாகவே முடிகிறது.

இனி ஒரு நாட்காட்டிக் கணக்கு. வளைகுடாவில் பழத்துக்கு ஆண்டின் பெரிய தேவை ரமளானில். அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2017 முதல் 2022 வரை ஏப்ரல், மே, ஜூனில் வந்தபோது சேலம் மாம்பழத்துக்கு அது பொற்காலமாக இருந்திருக்கலாம். மல்கோவாவும் இமாம்பசந்தும் அப்போது விமானத்தில் போகும் அளவுக்கே போயின. இப்போது ரமளான் குளிர்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. மாம்பழப் பருவத்தோடு அது மறுபடி சேர இருபது ஆண்டாவது ஆகும். இடைப்பட்ட காலத்துக்கு நம் மண்ணில் இருப்பது வாழை. 2027 ரமளான் பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கும். துபாயில் பழுக்கவைக்க ஐந்தாறு நாள், கடலில் ஒரு வாரம், துறைமுகத்தில் இரண்டு மூன்று நாள் என்று பின்னோக்கிப் போனால் தார் வெட்டுவது ஜனவரி 23, 24 வாக்கில், அதாவது பொங்கல் முடிந்த அடுத்த வாரம். ஜி-9 நட்டு வெட்டப் பதினோரு, பன்னிரண்டு மாதம். ஆக, 2026 தொடக்கத்தில் கன்று மண்ணில் இருந்தால்தான் அந்தக் கப்பல்.

பொங்கலை ஒட்டி உள்ளூரிலேயே தார் விலை ஏறும் என்பதுதான் இதில் சிக்கல். ஏற்றுமதியாளர் முன்கூட்டியே உறுதி செய்த விலை அதற்கு ஈடாக இல்லாவிட்டால் விவசாயி வேலூர் ஏலத்துக்கே போவார், அதில் தவறும் இல்லை. 2028-ல் ரமளான் ஜனவரி இறுதியில். 2029-ல் ஜனவரி நடுவில். 2030-ல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் இறுதியில் இன்னொன்று என ஒரே ஆண்டில் இரண்டு ரமளான்கள் தொடங்கும்.